அமாவாசை அன்று மட்டும் தெளிந்த படிகம்

படிகம் வளர்க்கிறவர்களின் தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: அடுப்பைத் தொடாமல் இருப்பது.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். சாதம் வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்க்காமல் உங்களால் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அது மூன்று வாரம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்தவர்கள், பிள்ளையின் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு நகம் கடித்தவர்கள், கேஸ் சிலிண்டர் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே குளித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளர். கல்லூரி ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே இடமில்லை என்று எங்கள் ஆய்வகத்தை மட்டும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்துக்குள், டிரஸ்டுக்குச் சொந்தமான பழைய வீட்டில் வைத்துவிட்டார்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தறி. எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறை.

டெர்ஃபினைல் என்று ஒரு வெள்ளைத் தூள். அதில் பென்டசீன் என்கிற கருநீலத் தூளை, சாம்பாரில் பெருங்காயம் போடுகிற அளவுக்குப் போட வேண்டும். காற்றில்லாத கண்ணாடிக் குழாயில் அடைத்து, உருக்கி, அடுப்புக்குள்ளிருந்து கீழே இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நகத்தின் அகலம்தான் இறங்கும். இறங்க இறங்க அடியிலிருந்து இறுகி, ரோஜா நிறத்தில் படிகம் வரும். அதன் மேல் மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினால், மிக மெல்லிய மைக்ரோவேவ் அலையைக்கூட அது பெருக்கிக் கொடுக்கும். இந்த மாதிரி குவாண்டம் வேலைக்கெல்லாம் முன்பு திரவ ஹீலியத்தை ஊற்றி உறைய வைக்க வேண்டியிருந்தது. இது சாதாரண அறையிலேயே வேலை செய்யும். அதுதான் இதன் பெருமை.

வளர்க்கிறவள் கற்பகம், எங்கள் ஆராய்ச்சி மாணவி. அவள் வீடும் இதே பிள்ளையார்பாளையம்தான். மாமனாரும் புருஷனும் தறி நெய்கிறவர்கள். நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்ந்து, அவளுடைய பிஎச்.டி. பதிவு வருகிற பங்குனியோடு முடிகிறது. அதற்குள் அவள் வளர்த்த ஒரு படிகம், ஆய்வுக் குழு உறுப்பினரின் கண் முன்னால் மைக்ரோவேவ் சிக்னல் கொடுத்துக் காட்ட வேண்டும். கொடுத்தால் டாக்டர் கற்பகம். கொடுக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் பாலாற்றோடு போயிற்று என்று துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐப்பசியில் அவள் முதல் குழாயை அடுப்புக்குள் வைத்தாள்.

மைக்ரோவேவ் மேடம்

வசந்தா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சந்தில் யாருக்கும் தெரியாது. மைக்ரோவேவ் மேடம் என்றால்தான் தெரியும். அதன் பலன் ஒரு நாள் காலையில் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தேவராஜன் அண்ணனின் மனைவி கமலா, ஒரு மைக்ரோவேவ் அடுப்பை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வந்ததாம். தட்டு சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, சாம்பார் மட்டும் சூடாகவில்லையாம்.

எனக்கு இதெல்லாம் பழுது பார்க்கத் தெரியாது என்றேன். நம்பவில்லை. இங்கே இருக்கிற மைக்ரோவேவ் வேறு, ஒரு எறும்புக்குக்கூட அதில் வெதுவெதுப்பு கிடைக்காது, அவ்வளவு மெல்லியது என்று பாடம் நடத்தினேன். கமலா பொறுமையாகக் கேட்டாள். அடுப்பைக் கீழே இறக்கி வைத்தாள். லேசர், செம்பு டப்பா, கம்பிகள் என்று அறை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஒரு இட்லிகூட சூடு பண்ணாத மைக்ரோவேவ வெச்சிக்கினு, காலையில வந்து சாயந்திரம் வரைக்கும் உள்ள இன்னாதான்க்கா பண்றீங்க?"

சாயம் போகுமா?

சாயப்பட்டறை ஏகாம்பரம் அண்ணனுக்குக் கலர் என்றால் கண் தானாக அங்கே போய்விடும். சாக்கடை அடைத்துக்கொண்டது பற்றிப் பேசத்தான் வந்தார். மேஜை மேல் பழைய படிகத்தின் துண்டு ஒன்று இருந்தது. சாக்கடையை மறந்துவிட்டார். அதைக் கண்ணாடிப் பெட்டியோடு எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். வெங்காயத் தோல் கலருக்கும் ராணி கலருக்கும் நடுவில் ஒரு கலர், முப்பது வருடமாகத் தேடுகிறேன், பட்டில் வர மாட்டேன் என்கிறது, இந்தத் தூளை எங்கே வாங்குகிறீர்கள் என்று என்னைக் குடைந்தெடுத்தார்.

இது புடவைக்கு ஆகாது அண்ணா என்றேன். கண்ணாடிக்குள் வைத்திருப்பதே அதனால்தான். வெயிலும் காற்றும் சேர்ந்து பட்டால் அந்தக் கருநீலத் தூள் கெட்டு, நிறம் வெளுத்துவிடும். அவர் பெட்டியைப் பத்திரமாகத் திரும்ப வைத்தார். முகத்தில் அவ்வளவு ஏமாற்றம். எனக்கே பாவமாக இருந்தது.

"தண்ணியில முக்கிக்கூட பாக்க வேணாம், தானாவே பூடும்ன்றீங்க. இத நான் பட்டுல ஏத்தினா, மாப்பிள்ள தாலி கட்டி முடிக்கறதுக்குள்ள பொண்ணு வெள்ளப் புடவையில நிக்கும்மா."

அடுப்பும் கரண்டும்

குழாய் இறங்குகிற மூன்று வாரமும் அடுப்பு அணையக் கூடாது. மழையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரி தாங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி சாயந்திரம் கொடுப்பார்களே, அந்த நாளை எந்தப் பேட்டரியும் தாங்காது. ஆகவே நாங்கள் குழாய் இறக்குவதற்கு நல்ல நாள் பார்ப்பது பஞ்சாங்கத்தில் இல்லை, மின்வாரியத்தில். ஒரு பராமரிப்புக்கும் அடுத்த பராமரிப்புக்கும் நடுவில் மூன்று வாரத்தை நுழைத்துவிட வேண்டும்.

அடுத்த தேதி எப்போது என்று கேட்டு நான் அடிக்கடி போன் போடுவேன். எடுப்பவர் எப்போதும் ஒரே லைன்மேன். நல்ல மனிதர். இத்தனை கவலையோடு ஒருத்தி கேட்டால் யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்பார்கள். ஐசியூவா என்று கேட்டார். இல்லை, கல்லூரி ஆய்வகம், ஒரு அடுப்பு நிற்காமல் எரிய வேண்டும், நின்றால் ஒரு பெண்ணின் படிப்பே போய்விடும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"அவ்ளோ முக்கியமான அடுப்புன்னா, கரண்ட்ட நம்பாம கேஸ்ல வெச்சிக்க வேண்டியதுதானேமா?"

ஒரு கோடு குறைகிறது

முதல் படிகம் கார்த்திகையில் இறங்கி முடிந்தது. ஆற வைக்கும்போது உள்ளே டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. படிகம் வளர்க்கிறவர்களுக்கு அதைவிடக் கெட்ட சத்தம் கிடையாது. குழாயை உடைத்து எடுத்தால் வில்லை வில்லையாகப் பிளந்திருந்தது. கற்பகம் துண்டுகளை வரிசையாக அடுக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிகத்துக்குள் குறுக்கே மெல்லிய மங்கல் கோடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு நகத்தின் அகலம். அதாவது ஒரு நாளைக்கு ஒரு கோடு. பிளவும் அந்தக் கோடுகளில்தான் ஓடியிருந்தது. கோடு இருக்கிற வரைக்கும் படிகம் பிளக்கும்; பிளந்தால் சிக்னல் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோட்டைக் காணோம். இரண்டு நாள் அகலத்துக்குத் தெளிவாக, தண்ணீர் மாதிரி இருந்தது. கற்பகம் விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அமாவாசை.

எங்கள் பக்கத்தில் அமாவாசைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் தட் தட் என்று அடித்துக்கொண்டே இருக்கிற தெரு, அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளும். கற்பகம் எழுந்துபோய் தேவராஜன் அண்ணன் வீட்டுச் சுவரில் காதையும் கையையும் வைத்தாள். இழையை நெருக்குகிற தறிப் பலகை அடிக்கிற அதிர்வு உள்ளங்கைக்கே தெரிந்தது.

"நம்ம தெரு சத்தம்தான்கா உள்ள போயி கோடு கோடா உக்காந்துக்கினு இருக்குது."

பாவு பிணைக்கிற நாட்கள்

குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. போய்ச் சொல்வதுதான் கஷ்டம். தறிக்காரரிடம் தறியை நிறுத்துங்கள் என்று கேட்பதும், எங்களிடம் அடுப்பை அணையுங்கள் என்று கேட்பதும் ஒன்று. கற்பகம் தறிக்கார வீட்டுப் பெண் என்பதால் அவளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். தேவராஜன் அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு, கமலாவிடம் காபித்தூள் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படித்தான். காபித்தூள் சேர்ந்ததே தவிர காரியம் நடக்கவில்லை. கடைசியில் நான்தான் போனேன்.

தறியில் முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. தேவராஜன் அண்ணன் கையை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டார். மொத்தமாக நிறுத்த வேண்டாம், சில நாள் போதும் என்றேன். அந்த நாட்களில் கோடு விழாவிட்டால் காரணம் தறிதான் என்று உறுதியாகிவிடும். கற்பகத்தின் கைடான எங்கள் புரொபசரிடம் சொல்லி, ஒரு மூலை கேட்டாவது அடுப்பைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். அவர் யோசித்தார். தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த இந்தப் பாவு நூல் தீரப் போகிறது. தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். அது முடிகிற வரைக்கும் பலகை அடிக்க வேலையே இல்லை.

"பாவு பிணைக்கறப்ப தறி பேசாதுமா. அந்த நாளுக்கு ஒத்து வர்ற மாதிரி உங்க சரக்க இறக்கிக்கோங்க. ஆனா ஒண்ணு, அது நல்லா வந்துச்சுன்னா என்னையும் கூப்ட்டு காட்டணும்."

பழி

மார்கழியில் வைத்த இரண்டாவது குழாய் தையில் வெளியே வந்தது. பாவு பிணைத்த நாட்கள் இருக்கும் இடத்தை கற்பகம் தேடிப் பார்த்தாள். அங்கேயும் கோடு. ஒரு நாளுக்கு ஒன்று, கொஞ்சமும் தாட்சண்யம் இல்லாமல். அமாவாசை அன்று மட்டும் மறுபடியும் தெளிவு. கற்பகம் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, மாமனாருக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். பங்குனிக்குள் இன்னும் ஒரே ஒரு குழாய்க்குத்தான் நேரம் இருந்தது.

மறுநாள் காலையில் அடுத்த குழாயைக் கழுவலாம் என்று சீக்கிரமே வந்தேன். கழுவிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே டியூப் லைட் மங்கியது. ஃபேன் சுணங்கிவிட்டுத் திரும்ப வேகம் எடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் அண்ணனின் மோட்டார் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் ஒரு தடவை, வருடக் கணக்காக நடக்கிற விஷயம். நானும் வருடக் கணக்காகப் பார்க்கிற விஷயம். மோட்டார் இழுக்கிற நேரம் எங்கள் அடுப்பின் சூடு ஒரு இம்மி இறங்கும். அந்த இம்மிதான் கோடு. தறியாக இருந்தால் நாள் முழுக்க அடிப்பதற்குக் கோடு பட்டையாக அல்லவா விழுந்திருக்க வேண்டும்? அமாவாசைக்குச் சாயப்பட்டறைக்கும்தான் லீவு. கற்பகத்திடம் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அமாவாசை என்றால் அவள் காதுக்குத் தறி நிற்பது மட்டும்தான் தெரியும், மோட்டார் நிற்பது தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இருவருமாகப் போய் தேவராஜன் அண்ணனிடம் உங்கள் தறி மேல் தப்பில்லை என்றோம். புதுப் பாவில் உட்கார்ந்திருந்தவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் ஒருத்தன் தறி அடிச்சு விஞ்ஞானத்தையே நிறுத்திட்டேன்னு என் ஊட்டுக்காரி தெரு முழுக்க சொல்லிக்கினு இருக்கா. அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

கம்பத்தில் ஒரு கை

ஏகாம்பரம் அண்ணனிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்ல முடியாது. சொன்னால் நிறுத்தியும் விடுவார், அப்புறம் பட்டு எதில் நனையும்? திரும்பவும் மின்வாரியத்துக்குப் போன் போட்டேன். ஒரே லைனில் மோட்டாரும் நாங்களும் இருக்கிறோம், எங்களை மட்டும் வேறு ஃபேஸுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். அதே லைன்மேன்தான் வந்தார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ரொம்பச் சின்ன வயசு. ஃபேஸை மாற்றிவிட்டு அவர் கம்பத்திலிருந்து இறங்கியபோது, கற்பகம் டீ போட்டு முடித்திருக்கவில்லை.

டீயைக் குடித்துக்கொண்டே, அந்த அடுப்பைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். மேஜை மேல் நிற்கிற, குடத்தைவிடக் கொஞ்சம் உயரமான உருளை. அவர் அதைச் சுற்றி வந்தார். பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"இத்தினி போன் வந்துச்சே, கல்யாண மண்டபத்து அடுப்பு மாதிரி இருக்கும்னு நெனச்சிக்கினு வந்தேன்மா."

குழாய் உடைப்பு

கடைசிக் குழாய் மாசியில் இறங்கியது. ஆற வைப்பதற்கு இன்னும் மெதுவாக, இன்னும் பயந்து பயந்து நாட்களை ஒதுக்கினோம். டிக் சத்தம் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே ரோஜா நிறம், ஒரு கோடு இல்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்ததையெல்லாம் எங்கள் தொழிலில் யாரும் நம்ப மாட்டார்கள். படிகம் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். குழாயைக் கீறி, சின்னச் சுத்தியால் தட்டி உடைக்கும்போதுதான் பாதிப் படிகங்கள் பிராணனை விடும்.

கற்பகம் சுற்றிலும் கீறினாள். அழகாகக் கீறுவாள், அவளுக்கு நல்ல கை. சுத்தியை எடுத்தாள். கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்தாள். பிறகு அதை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே அடிங்கக்கா. ஒடஞ்சா உங்க மேல கோவப்பட்டுக்கலாம். என் மேலயே கோவப்பட என்கிட்ட தெம்பு இல்ல."

புடவைக் கடை வழியாக

உடையவில்லை. முழுசாக, என் சுண்டு விரல் பருமனுக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதை அளவாக நறுக்கி, மெருகேற்றி, பீங்கான் வளையத்துக்குள் வைத்து, வளையத்தைச் செம்பு டப்பாவுக்குள் வைத்தாள். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி, டப்பாவின் தலையில் இருக்கும் திருகைத் திருப்பி வளையத்தைப் படிகத்தின் அலைக்குச் சரியாகக் கொண்டுவர வேண்டும். குழு உறுப்பினர் சென்னையிலிருந்து வருகிற ஒரு மூத்த பேராசிரியர். பங்குனி பிறந்திருந்தது, வெயில் ஆரம்பித்துவிட்டது. அதனால் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். கற்பகம் விடிந்ததும் வந்து திருகைச் சரி செய்து, ஒரு தடவை சிக்னலையும் பார்த்துவிட்டாள். எங்கள் புரொபசர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. பதினொன்றுக்கு மேல் எங்கள் புரொபசர் சட்டையை வெளியே எடுத்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கார் வந்தது. பெரியவர் இறங்கினார், கையில் பெரிய பைகள். ஊர் எல்லையிலேயே பைக்கில் ஒருவர் காரைப் பிடித்திருக்கிறார். நம்மூரில் புடவைக் கடைகளுக்கு அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததா. இவர் பிள்ளையார்பாளையம் எங்கே என்று கேட்டிருக்கிறார். வேறு வினையே வேண்டாம்.

"வழி காட்டறேன்னு சொன்னான், பின்னாடியே போனேன். உக்கார வெச்சு மோர் குடுத்து பிரிச்சுக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு புடவை எடுத்து முடிச்ச பிறகுதான், இது நீங்க சொன்ன லேப் இல்லைன்னு எனக்கு உறுதியா தெரிஞ்சுது."

அறை வெப்பநிலை

ஏ.சி.யைப் போட முடியவில்லை. லேசர், மற்றக் கருவிகளோடு அதையும் போட்டால் ட்ரிப் விழுந்துவிடும். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். அந்த அறையில் நாலு பேர். பெரியவரின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்குக்கண்ணாடியில் சொட்டியது. பக்கத்துத் தறி நின்றிருந்தது. உங்கள் தறியால் ஒன்றுமில்லை என்று அத்தனை சொல்லியும், தேவராஜன் அண்ணன் அன்றைக்கு நிறுத்திவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். கற்பகம் லேசரை விட்டாள். மஞ்சள் ஒளி பளிச்சென்று அடித்தது. திரையில் பச்சைக் கோடு நேராக ஓடியது. மறுபடியும் விட்டாள். நேராகவே ஓடியது. மூன்றாவது தடவையும் அப்படியேதான். பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். எங்கள் புரொபசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இத்தனை வருடமும் போயிற்று என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

கற்பகம் யாரையும் பார்க்கவில்லை. செம்பு டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்தாள், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. "காலையில சில்லுனு இருந்துச்சு சார்" என்றாள். சூடு ஏறினால் பீங்கான் வளையத்தின் அலை நகர்ந்துவிடும். விடிகாலையில் பிடித்த ஸ்டேஷன் மதியம் அந்த இடத்தில் இருக்காது. திருகை ஒரு மயிரிழை திருப்பி லேசரை விட்டாள். இல்லை. இன்னும் ஒரு இழை. இல்லை. அவசரப்படவே இல்லை அந்தப் பெண். பாவு பிணைக்கிற வீட்டிலிருந்து வந்தவள்தானே. அடுத்த தடவை பச்சைக் கோட்டிலிருந்து ஒரு முள் எழுந்து நின்றது. திரும்ப விட்டாள், திரும்ப எழுந்தது. கண் இமைப்பதற்கு ஆகிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிக்னல். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். வாசலில் நின்ற தேவராஜன் அண்ணன், "வந்துடுச்சில்ல? சரி, நான் போய் தறியில குந்தறேன்" என்று போய்விட்டார். கற்பகம் திருகின் மேலிருந்து கையை எடுக்காமலேயே அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வை என்று சொல்லிச் சமாளிக்க வசதியாக இருந்தது.

பெரியவர் தன் கையாலேயே இன்னும் பல தடவை லேசரை விட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மூடிய பேனாவைத் திறந்தார்.

"ஒரே ஒரு திருத்தம்தான்மா. சும்மா அறை வெப்பநிலைன்னு எழுதியிருக்கே. காஞ்சிபுரத்து அறைன்னு போடு, பங்குனி மாசம், மத்தியானம்னும் போடு. அப்பத்தான் படிக்கறவனுக்கு இதோட அருமை புரியும்."

மொத்தத்தில், குளிர வைக்காமலே வேலை செய்கிற பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை வளர்க்கிறவர்களுக்கு வியர்க்காமல் இருக்க மட்டும் இன்னும் யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.